220 கிலோ காற்று: ஓசூரில் வீடு கட்டி வாடகைக்கு விடுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஓசூர் வட்டாரத்தில் வீடு கட்டி வாடகைக்கு விடும் ஓனர்களுக்கும், அந்த வீடுகளைக் கட்டித் தரும் மேஸ்திரிமார்களுக்கும், பாத்ரூமில் கேஸ் கீசர் மாட்டித் தரும் தம்பிமார்களுக்கும்,

வணக்கம்.

நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பாய்லர் ரூமில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடிதம் எழுதுகிற பழக்கம் கிடையாது. ஷிப்ட் முடிந்ததும் லாக் புக்கில் எழுதுகிற நாலு வரிதான் என் எழுத்து. போன ஜனவரியில் என் மகள் பாத்ரூமில் விழுந்ததற்குப் பிறகு, நாலு வரிக்கு மேல் எழுத வேண்டியதாகிவிட்டது.

மகளும் மருமகனும் பாகலூர் ரோட்டை ஒட்டிய ஒரு புது லேஅவுட்டில் முதல் மாடி வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பொங்கலுக்கு முந்தின வாரம், வெள்ளிக்கிழமை. நம் ஊர்க் குளிர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டிய உயரம், காலை எட்டு மணி வரை எதிர்வீடு தெரியாத பனி. மருமகன் முதலில் குளித்து டூட்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் பேரன் குளித்தான். மூன்றாவதாக இவள் தலைக்குக் குளிக்கப் போனாள். எண்ணெய் வைத்த தலை, சீயக்காய், எப்படியும் இருபது நிமிஷம். பதினைந்தாவது நிமிஷமோ என்னவோ, வாளி உருளும் சத்தம் கேட்டிருக்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. பிவிசி கதவு என்பதால் இரண்டு உதையில் தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு வந்தது. அது மரக்கதவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நான் யோசிப்பதில்லை.

முதலில் கொண்டுபோன இடத்தில் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினார்கள். 98 காட்டியது. ‘ஆக்ஸிஜன் நன்றாக இருக்கிறது, சாப்பிடாமல் குளித்திருப்பார், சுகர் இறங்கியிருக்கும்’ என்றார்கள். இவளுக்கோ தலை பிளக்கிறது, இரண்டு முறை வாந்தி, நிற்கக் கால் இல்லை. அடுத்த இடத்தில் இருந்த இளம் டாக்டரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “வீட்ல கேஸ் கீசரா?”

அந்தக் கேள்விக்கு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? தீயோடு இருபத்தெட்டு வருஷம் இருந்தவன் நான். அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், அதே பாத்ரூமில் கை கால் கழுவியிருக்கிறேன். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்து, ‘இந்தத் தீக்குக் காற்று எங்கிருந்து வருகிறது’ என்று கேட்கவில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் உங்களைக் குறை சொல்லும்போது என்னையும் அந்தக் கூட்டத்தில்தான் நிறுத்திக்கொள்கிறேன்.

ஆக்ஸிமீட்டர் ஏன் 98 காட்டியது என்று பிறகு அந்த டாக்டரம்மாவே சொன்னார். காற்று போதாமல் எரியும் கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிப்பதைவிட இதை இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டையும் ஆக்ஸிஜன் என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளும். கொரோனாவுக்குப் பிறகு எல்லோர் வீட்டு அலமாரியிலும் ஒன்று கிடக்கிறதே, இந்த விஷயத்தில் அதை நம்பவே நம்பாதீர்கள். ரத்தத்தை எடுத்துத் தனியாக ஒரு டெஸ்ட் செய்தால்தான் தெரியும். முகமூடி வைத்து முழு ஆக்ஸிஜன் கொடுத்தால், ரத்தத்தில் இருக்கும் அந்த விஷம் ஏறத்தாழ ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சும்மா காற்றாட உட்கார வைத்தால் அதற்கு நாலைந்து மணி நேரம் ஆகும். என் மகளுக்கு அன்று சாயங்காலம் வரை முகமூடி. பிழைத்துக்கொண்டாள். தலைவலி மட்டும் இரண்டு வாரம் இருந்தது.

மறுநாள் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு அந்த பாத்ரூமுக்குப் போனேன். அஞ்சடிக்கு ஏழடி, உயரம் எட்டடி. கணக்குப் போட்டால் 280 கன அடி, அதாவது எட்டு கனமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஷவர் பக்கத்துச் சுவரில், நிமிஷத்துக்கு ஆறு லிட்டர் சுடுதண்ணீர் தரும் கீசர். புகைக்குழாய் கிடையாது, தலையில் வரிவரியாகத் திறப்பு. எரிந்தது எல்லாம் அதன் வழியே அறைக்குள்ளேயே விழும். சிலிண்டர் மட்டும் வெளியே யுடிலிட்டியில், அதாவது துணி துவைக்கும் பால்கனியில், இருந்தது. ‘சிலிண்டரை வெளியே வச்சிருக்கோம் சார், சேஃப்டி’ என்றார் மாட்டிய தம்பி. தீயை உள்ளே வைத்துவிட்டு, எரியாத சிலிண்டரை வெளியே வைத்த சேஃப்டி!

நிமிர்ந்து பார்த்தேன். வெண்டிலேட்டர் இருந்தது, ஒன்றரை அடிக்கு ஓரடி, கண்ணாடிப் பட்டை போட்டது. அதை தெர்மகோல் வைத்து அடைத்து, சுற்றிலும் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. செய்தவர் என் மருமகன். குளிரும் கொசுவும் தாங்கவில்லையாம். தெர்மகோலைப் பிய்த்துவிட்டு எட்டிப் பார்த்தால், வெண்டிலேட்டர் திறப்பது டக்டுக்குள், அதாவது பைப்புகள் இறங்குவதற்காகச் சுவர்களுக்கு நடுவே கிணறு மாதிரி விட்ட இடத்துக்குள். டக்டின் தலையில், மழை வருகிறதென்று, ஓனர் பாலிகார்பனேட் ஷீட் போட்டு நான்கு பக்கமும் சிலிகான் அடித்து மூடியிருக்கிறார். மூன்று வீட்டு பாத்ரூம்கள் அந்த மூடிய பெட்டிக்குள்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன.

ஓனரிடம் சொன்னேன். நல்ல மனிதர், ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தவர். “இதுக்கு முன்னாடி இருந்தவங்க மூணு வருஷம் இருந்தாங்க, ஒண்ணும் ஆகலையே” என்றார். உங்களில் பல பேர் இதையே சொல்வீர்கள் என்று தெரியும். அந்த மூன்று வருஷமும் அவர்கள் பிழைத்தது கதவுக்கு அடியில் இருந்த இடுக்காலோ, அடைக்காத வெண்டிலேட்டராலோ, அவசரக் குளியலாலோ இருக்கலாம். உங்கள் கீசரால் இல்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் கலவை. ஒரு கிலோ எரிய ஏறத்தாழ பதினைந்தரை கிலோ காற்று வேண்டும். வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ. அப்படியென்றால் ஒரு சிலிண்டர் தீர 220 கிலோ காற்று. அந்த 14.2 கிலோவை ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போகிறார். மீதி 220 கிலோவை யார் கொண்டுவந்து இறக்குவது? அதற்கு வழி வைக்க வேண்டியது வீடு கட்டுகிறவர்.

ஆறு லிட்டர் கீசர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்றி ஊற்றும்போது மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கேஸ் எரிகிறது. சமையல் அடுப்பின் பெரிய பர்னர் ஐந்தாறு ஒன்றாக எரிகிற மாதிரி. ஐந்து அடுப்பை முழுசாகப் பற்றவைத்து பாத்ரூமுக்குள் வைத்து, ஜன்னலை அடைத்து, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே உட்காருங்கள் என்றால் உட்காருவீர்களா? கீசர் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் அழகாக இருப்பதால் நமக்கு அது அடுப்பு என்பதே மறந்துவிடுகிறது. பதினைந்து நிமிஷக் குளியலுக்கு மூன்று கனமீட்டருக்கு மேல் காற்று செலவாகிறது. எட்டு கனமீட்டர் அறையில் நூற்றுக்கு நாற்பது பங்கு. அதுவும் முதல் ஆளுக்கு. அடுத்தவர் குளிக்கப் போகும்போது பாதி எரிந்த காற்றில்தான் தீயைப் பற்றவைக்கிறார். எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள் விழுந்தது தற்செயல் இல்லை.

காற்றில் ஆக்ஸிஜன் நூற்றுக்கு 21 பங்கு இருக்கும்வரை சுடர் நீலமாக நின்று எரியும். குறையக் குறைய மஞ்சளாகி, நீண்டு, அலையும். அப்போதுதான் கார்பன் மோனாக்சைடு கூடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கேஸ் கசிந்தால் நாறுவதற்கென்றே அதில் மெர்காப்டன் கலந்து விடுகிறார்கள், அது கசிவுக்கு மட்டும்தான் காவல். எரிந்துபோன கேஸில் அந்த வாடையும் எரிந்துவிடும். ‘வாடையே வரலையே’ என்று சொல்லாதீர்கள், வராது.

பாய்லர் ரூமில் எங்களுக்கு முதல் பாடமே ‘முதலில் ஃபேன், அப்புறம் தீ’ என்பதுதான். காற்று ஓடுகிறது என்று உறுதியாகாமல் பர்னர் பற்றவே பற்றாது, இன்டர்லாக் என்ற தானியங்கிப் பூட்டு விடாது. ஒரு மார்கழி நைட் ஷிப்டில் ஹெல்பர் பையன் ஒருவன் குளிருக்குப் பயந்து ரூமின் ஷட்டரை முழுசாக இறக்கி, காற்று வரும் லூவர் பட்டைகளில் சாக்கைச் செருகிவிட்டான். பத்து நிமிஷத்தில் பார்வைக் கண்ணாடியில் சுடர் மஞ்சளடித்தது, சிம்னி கறுப்பாகக் கக்க ஆரம்பித்தது. நான் அவனைத் திட்டிய திட்டு இன்னும் அவனுக்கு ஞாபகம் இருக்கும். அவன் சாக்கைச் செருகினான், என் மருமகன் தெர்மகோலைச் செருகினார். ஷட்டரை ஏற்றச் சொல்ல அங்கே நான் இருந்தேன், அவ்வளவுதான்.

இதில் வெட்கப்பட வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. ராயக்கோட்டைப் பக்கம் எங்கள் அவ்வா வீட்டில் வெந்நீர் அடுப்பு என்று ஒன்று உண்டு. குளிக்கிற அறைச் சுவரில் செப்பு அண்டாவைப் பதித்திருப்பார்கள். அண்டாவின் வாய் உள்ளே, அடுப்பின் வாய் வெளியே கொல்லைப் பக்கம். தேங்காய் மட்டையும் சுள்ளியும் வெளியே நின்று செருகுவோம். புகை வெளியே, தீ வெளியே, சுடுதண்ணீர் மட்டும் உள்ளே. எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் காலத்துக் கொத்தனாருக்குத் தெரிந்தது, டைல்ஸ் முப்பது டிசைனில் காட்டும் நமக்குத் தெரியாமல் போய்விட்டது.

நான் கேட்பதும் அந்த அண்டா ஏற்பாட்டைத்தான். புகைக்குழாய் இல்லாத கீசரை பாத்ரூமுக்குள் மாட்டவே வேண்டாம். வெளிச்சுவரில், நாலு பக்கமும் காற்றாடும் யுடிலிட்டியில் மாட்டுங்கள். அங்கிருந்து சுடுதண்ணீர் தாங்கும் சிபிவிசி பைப் ஒன்று உள்ளே போகட்டும். முதல் ஒரு சொம்பு தண்ணீர் பச்சைத் தண்ணீராக வரும், அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம். கட்டும்போதே இதற்கு ஒரு பாயிண்ட் விட்டால் மேஸ்திரிக்கு அரை நாள் வேலைகூட இல்லை. கட்டிய பிறகு டைல்ஸை உடைக்க வேண்டும் என்பதால்தான் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

ஆனால் இங்கேயும் ஒரு வில்லங்கம். மாட்டிக் கொடுத்த ஆறு மாதத்தில் அந்த யுடிலிட்டியை ஸ்லைடிங் கண்ணாடி போட்டு மூடிவிடுகிறோம், வாஷிங் மிஷின் நனைகிறதென்று. மூடிய அன்றே அது இன்னொரு பாத்ரூம் ஆகிவிட்டது. அப்படி மூடிய இடத்தில் புகைக்குழாய் வைத்து வெளியே விட்ட கீசர் மட்டும்தான் இருக்கலாம், அதற்கும் காற்றுக்கென்று வெளிச்சுவரில் இரண்டு ஓட்டை வேண்டும். ஒன்று தரையிலிருந்து ஓரடிக்குள், இன்னொன்று கூரையிலிருந்து ஓரடிக்குள். கீழ் ஓட்டை வழியே குளிர்ந்த புதுக் காற்று வரும், மேல் ஓட்டை வழியே சூடான காற்று போகும். கேஸ் காற்றைவிட கனம் என்பதால் கசிந்தாலும் கீழ் ஓட்டை வழியே வெளியேறிவிடும்.

எவ்வளவு பெரிய ஓட்டை? அமெரிக்காக்காரன் விதியில் இதற்கு நேரடிக் கணக்கு இருக்கிறது. வெளிக்காற்றோடு நேராகச் சேரும் ஓட்டை என்றால், மணிக்கு 4,000 பி.டி.யு. (அவர்கள் வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்துக்கு ஒரு சதுர அங்குலம், ஒவ்வொரு ஓட்டைக்கும். நம் ஆறு லிட்டர் கீசர் மணிக்கு ஏறத்தாழ 42,000 பி.டி.யு. இழுக்கும், ஆக பத்தரை சதுர அங்குலம். நாலு அங்குல வட்டம் போதும் போலத் தெரியும், பன்னிரண்டரை சதுர அங்குலம் வருகிறதே என்று. ஆனால் அதன் வாயில் கம்பி கிரில் மாட்டுவோம், இரும்பு லூவர் கால் பங்கு வழியை மறைத்துவிடும். அதனால் ஐந்து அங்குலமாகப் போடுங்கள். ஏசி பைப்புக்கு ஓட்டை போடும் அதே கோர் கட்டிங் மிஷின்தான், சுவர் விரியாமல் கால் மணி நேரத்தில் முடியும். கொசுவலை அடிக்காதீர்கள். நூலும் தூசியும் சேர்ந்து மூன்று மாதத்தில் கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். கால் அங்குலக் கண் உள்ள வலை போதும், பல்லிதான் வரும், கடிக்காது. திறந்து மூடும் லூவரும் வேண்டாம், அதை மூடத் தெரிந்த மருமகன்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

அதே விதியில் இன்னொன்று: அறைக்குள் இருக்கும் காற்றை மட்டும் நம்பி எரிய விடுவதானால் 1,000 பி.டி.யு.வுக்கு 50 கன அடி இடம் வேண்டும். நம் கீசருக்கு 2,100 கன அடி. அது பத்தடி உயரத்தில் 14-க்கு 15 ஹால். நாம் கொடுத்திருப்பது 280. பாத்ரூம், படுக்கையறைக் காற்றை இழுத்து எரியும் சாதனத்தை அங்கே பொதுவாக வைக்கவே விடுவதில்லை. வெளியிலிருந்தே காற்றை இழுத்து வெளியிலேயே புகையை விடும் மூடிய வகை என்றால் சரி. அதில் குழாய்க்குள் குழாய் இருக்கும், உள்குழாயில் புகை போகும், வெளிக்குழாயில் காற்று வரும். அறைக்காற்றை அது தொடுவதே இல்லை. விலை கூடுதல்தான். முடிந்தவர்கள் அதையே போடுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் பற்றி ஒரு வார்த்தை. ‘ஃபேன் போட்டிருக்கோமே சார்’ என்கிறார்கள். ஃபேன் காற்றை வெளியே தள்ளும், உள்ளே கொண்டுவராது. கதவும் ஜன்னலும் இறுகியிருந்தால் அது எங்கே இருந்து இழுக்கும்? கீசரின் புகைக்குழாயிலிருந்தே இழுக்கும். வெளியே போக வேண்டிய புகை தலைகீழாக அறைக்குள் வரும். இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கதவு ஜன்னலைச் சாத்தி, ஃபேனை ஓடவிட்டு, கீசரைப் பற்றவைத்து ஐந்து நிமிஷம் கழித்து, புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகையை உள்ளே உறிஞ்ச வேண்டும். முகத்தில் அடித்தால், கீசரை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

தம்பிமார்களுக்கு: எல்லா வீட்டிலும் இப்படித்தான் மாட்டுகிறோம் என்பது எனக்கும் தெரியும். நீங்கள் மாட்டமாட்டேன் என்றால் அடுத்த கடைக்காரர் மாட்டுவார், அதுவும் தெரியும். கேஸ் கீசருக்கு ஐ.எஸ். 15558 என்று இந்தியத் தரமே இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள். பெட்டிக்குள் வரும் குறிப்புத் தாளை அட்டையோடு சேர்த்துத் தெருவில் போடாமல், ‘எங்கே மாட்டக்கூடாது’ என்ற பகுதியை மட்டுமாவது வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுங்கள். ஆக்ஸிஜன் குறைந்தால் தானே அணையும் சென்சார் உள்ள மாடல் வந்திருக்கிறது. நல்லதுதான், வாங்குங்கள். அதை நம்பி ஓட்டையை அடைக்காதீர்கள்.

மாநகராட்சி அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால், ஒன்றே ஒன்று. வீடு முடிந்ததும் மழைநீர்த் தொட்டி இருக்கிறதா என்று வந்து பார்க்கிறீர்கள். அப்போது தலையைத் தூக்கி டக்டின் மேல்மூடியையும் ஒரு பார்வை பாருங்கள்.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னும் குளிர் அதிகம், அங்கேயும் இப்போது மாடி வீடுகளும் கீசர்களும் வந்துவிட்டன. அங்கே கட்டுகிறவர்களும் இதைத் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். குளிக்கும்போது தலைவலி, கால் துவளுதல், குமட்டல் வந்தால் அது பித்தமோ வெறும் வயிறோ என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். துண்டைச் சுற்றிக்கொண்டு முதலில் வெளியே வாருங்கள். பாத்ரூமில் மயங்கி விழுந்து, வலிப்பு என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நம் நாட்டு நரம்பியல் டாக்டர்கள் இதற்கு ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’ என்று பெயரே வைத்து எழுதியிருக்கிறார்கள். யாரையாவது தூக்கினால் முதலில் காற்றாட வெளியே கொண்டுவந்து, 108-ஐக் கூப்பிட்டு, போகிற இடத்தில் ‘கேஸ் கீசர்’ என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள்.

என் மகள் வீட்டு ஓனர் பாலிகார்பனேட் ஷீட்டை எடுக்கவில்லை, மழை வருமாம். நான் விடவில்லை. கடைசியில் அதை ஒன்றரை அடி தூக்கி, நாலு மூலைக்கும் இரும்புக் கால் வைத்து, பக்கவாட்டைத் திறந்துவிட்டார். மழையும் வரவில்லை, காற்றும் போகிறது. கீசர் யுடிலிட்டிக்கு வந்துவிட்டது. பைப்புக்கு ஆன செலவில் பாதியை அவர் கொடுத்தார், பாதியை நான் கொடுத்தேன். தெர்மகோலுக்கு மருமகன் இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், காசு வேண்டாம். ஊதுபத்தியும் டேப்பும் நான் கொண்டுவருகிறேன். ஏணியை மட்டும் நீங்கள் எடுத்து வைத்து, ஏறுவதற்கு வயசுப் பையன் ஒருவனையும் நிறுத்துங்கள். எனக்கு முட்டி வலி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு பாய்லர் அட்டெண்டர்
ஓசூர்